வியட்நாமியர் வீட்டுத் தெத் பண்டிகைக்கு அழைப்பு வந்தால்: புதுச்சேரி, கடலூர்ப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் வளர்ந்த புதுச்சேரித் தெருவில் வியட்நாமியப் பாட்டி ஒருவர் இருந்தார். கணவர் பிரெஞ்சு அரசில் வேலை பார்த்த புதுச்சேரிக்காரர். சைகோனில் மணம் முடித்து, முதுமையில் ஊர் திரும்பியவர்கள். பொங்கல் கழிந்து சில வாரங்களில் ஒரு நாள் அந்தப் பாட்டி வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, தெருப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரு கைகளாலும் ஒரு சிவப்புக் காகித உறையை நீட்டுவார். அது அவருடைய புத்தாண்டு என்பது எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. பின்னாளில் இரண்டு முறை வியட்நாமில் அந்தப் பண்டிகையை நண்பர் குடும்பத்தோடு கொண்டாடும் பேறு கிடைத்தது. முதன்முறை ஹோ சி மின் நகரத்தில், அடுத்த முறை மேகாங் ஆற்றுப் படுகையில் உள்ள ஒரு சிற்றூரில். இன்று வேலையின் பொருட்டும் சுற்றுலாவுக்காகவும் அங்கே செல்லும் நம் ஊர்க்காரர்களுக்கு இத்தகைய அழைப்புகள் வருகின்றன. புறப்படுவதற்கு முன் அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தெத் என்பது என்ன பண்டிகை? எப்போது வருகிறது?

சந்திர நாட்காட்டியின்படி வரும் வியட்நாமியப் புத்தாண்டே தெத். எழுத்தைப் பார்த்து ‘டெட்’ என்று நம்மவர் சொல்வதுண்டு. ஒலிப்பு ‘தெத்’ என்பதற்கே நெருக்கமானது. சனவரி மாதப் பிற்பகுதிக்கும் பிப்ரவரி 20 தேதிக்கும் இடையில் ஓர் அமாவாசையை ஒட்டி அது வரும். 2026இல் பிப்ரவரி 17 அன்று வந்தது. 2027இல் பிப்ரவரி 6 அன்று வருகிறது. நம் பொங்கலுக்கும் மாசி மகத்துக்கும் நடுவே விழும் பண்டிகை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பண்டிகை அந்த ஒரு நாளில் அடங்குவதில்லை. பழைய ஆண்டின் கடைசி மாதம் இருபத்து மூன்றாம் நாளில் அடுப்படித் தெய்வத்தை விண்ணுலகுக்கு வழியனுப்புவதிலிருந்து வீட்டில் வேலை தொடங்கிவிடுகிறது. பிறகு முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்வார்கள், வீட்டை ஒழித்துக் கழுவுவார்கள், கடன்களை அடைப்பார்கள். தெற்கே மஞ்சள் நிற மாய் பூக்கிளையும் வடக்கே இளஞ்சிவப்புப் பீச் பூக்கிளையும் கூடத்தில் வந்து நிற்கும். போகியன்று நம் வீடுகளில் இருக்கும் பரபரப்பை ஒரு வாரத்துக்கு நீட்டினால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும்.

‘வீட்டுக்கு வாருங்கள்’ என்று அழைத்திருக்கிறார்கள். எந்த நாளில், எந்த நேரத்தில் போவது?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இது முதன்மையானது. உடையிலோ உணவிலோ நீங்கள் செய்யும் பிழையை அவர்கள் சிரித்துக்கொண்டே மன்னிப்பார்கள். நேரத்தில் செய்யும் பிழை அவர்கள் மனத்தில் ஆண்டு முழுவதும் உறுத்தும்.

நள்ளிரவில் புத்தாண்டு பிறந்த பிறகு அந்த வீட்டுக்குள் முதலில் காலடி வைப்பவர் எவரோ அவருடைய தன்மைதான் அந்த ஆண்டின் நலத்தைத் தீர்மானிக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இதனை ‘ஸோங் தாத்’ என்கிறார்கள். பிறந்த ஆண்டுக்குரிய விலங்கு குடும்பத் தலைவரின் விலங்கோடு பொருந்த வேண்டும்; நல்ல உடல்நலமும் தொழிலும் குடும்ப அமைதியும் உடையவராக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒருவரைப் பல குடும்பங்கள் முன்கூட்டியே தேர்ந்து, ‘நீங்கள் வந்து தொடங்கி வைக்க வேண்டும்’ என்று கேட்டு வைத்திருப்பார்கள். நம் ஊரில் புதுக்கடை திறக்கும்போது முதல் போணிக்கு ராசியான கைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதை எண்ணிப் பாருங்கள், புரிந்துவிடும். அந்த ஒருவர் வருவதற்கு முன், ஆர்வ மிகுதியால் காலை ஏழு மணிக்கு நீங்கள் போய் வாசலில் நின்றுவிட்டால், ‘வாருங்கள்’ என்று அழைப்பதா, வேண்டாமா என்ற சங்கடத்தில் அவர்கள் தவிப்பார்கள்.

பொதுவான ஒழுங்கு ஒன்று உண்டு. முதல் நாள் தந்தை வழி உறவுக்கும், இரண்டாம் நாள் தாய் வழி உறவுக்கும், மூன்றாம் நாள் ஆசிரியருக்கும் உரியவை என்பது அவர்களுடைய வழக்கு. நண்பர்களும் உடன் பணிபுரிபவர்களும் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாட்களிலும் அதற்குப் பின்னும் வருகிறார்கள். ஆகவே அழைத்தவரிடமே, ‘எந்த நாளில் எத்தனை மணிக்கு நான் வந்தால் உங்களுக்கு வசதி?’ என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதை அவர்கள் மரியாதையாகவே கொள்கிறார்கள். முதல் நாளே வரச் சொன்னால், குடும்பத்துக்குள் உங்களைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்று பொருள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் பின்னால் போவதில் தவறில்லை. முன்னால் மட்டும் போக வேண்டாம்.

எங்கள் வீட்டில் சில மாதங்களுக்கு முன் ஒரு சாவு நடந்தது. நான் போகலாமா?

நம்மிடம் தீட்டு என்றும் ஆண்டுத் துக்கம் என்றும் சொல்லப்படுவதைப் போன்ற எண்ணம் அங்கும் உண்டு. துக்கம் காப்பவர் புத்தாண்டின் தொடக்க நாட்களில் பிறர் வீட்டுக்குச் செல்வதைத் தவிர்க்கிறார். உங்கள் வீட்டு நிகழ்வு அவர்களுக்குத் தெரிய வழியில்லை என்பதற்காக மறைத்துவிட்டுப் போவது சரியாகாது என்பது என் உறுதியான கருத்து. முன்பே சொல்லிவிடுங்கள். சிலர், ‘அதனால் என்ன, வாருங்கள்’ என்பார்கள். சிலர் ஐந்தாறு நாள் கழித்து வரச் சொல்வார்கள். எப்படியானாலும் நீங்கள் சொன்னதை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

கையில் என்ன கொண்டு போவது?

நம் பழக்கத்தில் கை உடனே வாழைப்பழச் சீப்புக்குத்தான் போகும். என் கையும் அங்கேதான் போனது. ஹோ சி மின் நகரத்தில் நல்ல மஞ்சள் வாழைப்பழங்களாகப் பார்த்து ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு போனேன். அந்த வீட்டு மூதாட்டி அதை இரு கைகளாலும் வாங்கி, முகம் மாறாமல் நன்றி சொல்லி, கூடத்தில் பழத்தட்டு இருந்த முன்னோர் பீடத்தைக் கடந்து உள்ளே அடுக்களைக்குக் கொண்டுபோய் வைத்தார். காரணத்தை அவருடைய மகள் பிறகு எனக்கு விளக்கினாள். தெற்கு வியட்நாமியரின் பேச்சில் வாழைப்பழத்துக்குரிய சொல், தலைகுப்புறச் சரிவதைக் குறிக்கும் சொல்லோடு ஒத்து ஒலிப்பதால், புத்தாண்டுப் படையலில் அவர்கள் அதை வைப்பதில்லை. மாறாக சீதாப்பழம், தேங்காய், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றை வரிசையாக வைக்கிறார்கள். அவற்றின் பெயர்களைச் சேர்த்துச் சொன்னால், ‘செலவுக்குப் போதுமான அளவு கிடைக்க வேண்டுகிறோம்’ என்ற பொருளில் அவர்கள் காதில் விழுகிறது. வடக்கே, ஹனோய்ப் பக்கத்திலோ பச்சை வாழைச் சீப்பு இல்லாமல் ஐந்து கனித் தட்டே இல்லை. ஒரே நாட்டில் ஒரு பழத்துக்கு இரண்டு நிலை. எனவே, போகும் வீடு எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளாமல் பழம் வாங்க வேண்டாம்.

பண்ருட்டி முந்திரி எடுத்துப்போகலாமா என்று கடலூர்க்காரர்கள் தவறாமல் கேட்கிறார்கள். கொண்டு போகலாம், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள். ஆனால் முந்திரி ஏற்றுமதியில் உலகில் முன்னணியில் நிற்பதே வியட்நாம்தான். நம் ஊரின் நினைவாக நிற்கக்கூடிய வேறு பொருள் நல்லது. வில்லியனூர்ச் சுடுமண் உருவம், திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மை போன்றவை அங்கே கடையில் கிடைக்காதவை. உறை போட்டு மூடிய இனிப்புப் பெட்டியும் தேயிலையும் எப்போதும் ஏற்றவை. கத்தி, கத்தரிக்கோல், கடிகாரம் ஆகியவற்றைப் பரிசாகத் தர வேண்டாம். பொதியும் தாள் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கட்டும். கறுப்பும் வெள்ளையும் வேண்டாம்.

சிவப்பு உறையில் எவ்வளவு பணம் வைப்பது?

இதற்கு ‘லீ ஸீ’ என்று பெயர். வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாயமாகவும், மிக மூத்தவர்களுக்கு விருப்பம்போலவும் தரலாம். நம் மொய்யைப் போல நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்யும் கணக்கு இதில் இல்லை. வாழ்த்துதான் பொருள், பணம் அடையாளம். 20,000 அல்லது 50,000 டோங் தாள் ஒன்று ஒரு குழந்தைக்குப் போதுமானது. எண்ணைக் கண்டு திகைக்க வேண்டாம், 50,000 டோங் என்பது நம் பணத்தில் இருநூறு ரூபாய்க்குள் அடங்கும். தொகையைவிடத் தாள் மடிப்புக் கலையாத புதுத்தாளாக இருப்பது முக்கியம். பண்டிகைக்கு முந்தைய நாட்களில் புதுத்தாளுக்குத் தட்டுப்பாடு ஏற்படும் என்பதால் முன்னதாகவே சேர்த்து வையுங்கள். நம்மைப் போல ஒரு ரூபாய் கூட்டி வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. கொடுக்கும்போது இரு கைகளாலும் கொடுங்கள். பிள்ளைகள் உங்கள் முன்னால் உறையைப் பிரிக்க மாட்டார்கள். உங்களுக்கு ஓர் உறை தந்தால் நீங்களும் பிரிக்க வேண்டாம்.

என்ன உடுத்திக்கொண்டு போவது?

நம் ஆண்கள் பண்டிகை என்றால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை என்று எண்ணுவது இயல்பு. வியட்நாமிலோ வெள்ளை துக்கத்தின் நிறம்; இறந்தவரின் பிள்ளைகள் தலையில் வெள்ளைத் துணி கட்டுகிறார்கள். அதனால் நிறமுள்ள சட்டை அணியுங்கள். பெண்கள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனால் அந்த வீட்டுப் பெண்கள் மிகவும் மகிழ்வார்கள். காலணியை வாசலிலேயே கழற்ற வேண்டும் என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உள்ளே போனதும் வயதையும் திருமணத்தையும் பற்றிக் கேட்கிறார்களாமே?

கேட்பார்கள், அது வம்பளப்பு அன்று. வியட்நாமிய மொழியில் ‘நான்’, ‘நீ’ என்பவற்றின் இடத்தை உறவுப் பெயர்களே பெரிதும் நிரப்புகின்றன. உங்களை அண்ணன் என்பதா, தம்பி என்பதா, சித்தப்பா என்பதா என்று முடிவு செய்யாமல் அவர்களால் ஒரு வாக்கியத்தைக்கூட வசதியாகத் தொடங்க முடியாது. ஆண்களில் மூத்தவரை ‘ஆன்’, பெண்களில் மூத்தவரை ‘சி’, இளையவரை ‘எம்’, தாத்தா வயதினரை ‘ஓங்’, பாட்டி வயதினரை ‘பா’ என்று அழைக்கிறார்கள். தெருவில் முகம் தெரியாதவரையும் அண்ணே, அக்கா என்று அழைத்துப் பழகிய நமக்கு இது ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். மேலைநாட்டு விருந்தினர்கள் பல நாள் திணறும் இந்த இடத்தில் தமிழர் எளிதாக உள்ளே போய்விடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூத்தவரிடமிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வணக்கம் சொல்லுங்கள். புத்தாண்டு வாழ்த்து ‘சுக் முங் நம் மோய்’. ஒலிப்பு சற்றுப் பிசகினாலும் பொருள் போய்ச் சேர்ந்துவிடும்.

முன்னோர் பீடத்தில் வழிபடச் சொன்னால் என்ன செய்வது? நான் கிறித்தவன்.

பெரும்பாலான வீடுகளில் கூடத்தின் நடுவே முன்னோர் படங்களும் ஊதுவத்திக் கிண்ணமும் பழங்களும் உள்ள பீடம் இருக்கும். புத்தாண்டில் இறந்துபோன பெரியவர்கள் வீட்டுக்கு வந்து உடனிருந்து உண்கிறார்கள் என்பது அவர்களுடைய எண்ணம். நம் படையலின் எண்ணமும் அதுவே. ஊதுவத்தியை ஒன்று, மூன்று என்று ஒற்றைப்படையில் ஏற்றுகிறார்கள். ஏற்ற விரும்பினால் வீட்டாரைக் கேட்டு அவர்கள் கையால் வாங்கி ஏற்றுங்கள். விருப்பமில்லையென்றால் பின்னால் கைகட்டித் தலை தாழ்த்தி நின்றாலே போதும். வியட்நாமில் கத்தோலிக்கக் குடும்பங்களும் ஏராளம், அவர்களும் தெத் கொண்டாடுகிறார்கள். எனவே உங்கள் தயக்கம் அவர்களுக்குப் புதிதன்று. பீடத்தைப் படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள், பீடத்துக்கு முதுகு காட்டித் தற்படம் எடுக்க வேண்டாம்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

வேண்டியிராது, ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ‘அன் சாய்’ என்றால் சைவ உணவு உண்பது. பௌத்த வழக்கப்படி சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் உண்பவர்கள் அங்கே மிகுதி. நாம் அமாவாசை, கிருத்திகை பார்ப்பது போலத்தான். அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் விளங்கிக்கொள்வார்கள்.

சிக்கல் மீன்சாற்றில் இருக்கிறது. மீனையும் உப்பையும் ஊற வைத்து வடிக்கும் அந்தச் சாறு, நம் சமையலில் பெருங்காயமும் புளியும் நுழைவது போலக் கீரையிலும் தொக்கிலும்கூட நுழைந்துவிடுகிறது. பண்டிகையின் தலையாய உணவு இலையில் கட்டி வேகவைக்கும் அரிசிக்கட்டி. வடக்கே சதுரமாகச் செய்து ‘பான் சுங்’ என்கிறார்கள். தெற்கே உருளையாக வாழையிலையில் சுற்றி ‘பான் தெத்’ என்கிறார்கள். ஒட்டும் அரிசிக்குள் பாசிப்பருப்பும் பன்றி இறைச்சியும் வைத்துப் பல மணி நேரம் வேகவைப்பது வழக்கம். சைவர்களுக்கென்று பருப்பு மட்டும் வைத்ததும், தெற்கே வாழைப்பழம் வைத்ததும் உண்டு. (பீடத்துத் தட்டில் ஏறாத வாழைப்பழம் இந்தக் கட்டிக்குள் ஏறிவிடுகிறது.) பாசிப்பருப்பின் மணத்தோடு அதை வாயில் வைத்தபோது எனக்கு வெண்பொங்கலே நினைவுக்கு வந்தது. தேங்காய், இஞ்சி ஆகியவற்றைச் சர்க்கரையில் பதப்படுத்திய இனிப்பும் தர்ப்பூசணி விதையும் எல்லா வீட்டிலும் தட்டில் இருக்கும்.

மாட்டிறைச்சி அல்லது பன்றி இறைச்சி உண்ணாதவர்களும் அழைப்பை ஏற்கும் அன்றே சொல்லிவிடுவது நல்லது. பண்டிகைச் சமையல் சில நாள் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. வந்து அமர்ந்த பிறகு சொன்னால் அந்த வீட்டுத் தாய் மனம் வருந்துவார்.

சாப்பாட்டு மேசையில் இளையவர்கள் ஒவ்வொரு பெரியவரையும் தனித்தனியே பெயர் முறை சொல்லி, ‘சாப்பிடுங்கள்’ என்று வேண்டிக்கொண்ட பிறகே உண்ணத் தொடங்குவார்கள். அதுவரை கிண்ணத்தைத் தொடாதீர்கள். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. அது இறந்தவருக்கு ஏற்றும் ஊதுவத்தியைப் போலத் தோன்றும்.

மது தந்தால் மறுக்கலாமா?

மறுக்கலாம். கோப்பையில் தேநீரோ பழச்சாறோ ஊற்றிக்கொண்டு, எல்லோரும் உயர்த்தும்போது நீங்களும் உயர்த்துங்கள். கோப்பையே தூக்காமல் இருப்பதுதான் வருத்தம் தரும்.

பட்டாசு வெடிப்பார்களா?

வீடுகளில் வெடிப்பதில்லை. 1995 தொடக்கத்திலிருந்து பட்டாசுக்கு அங்கே தடை உள்ளது. நள்ளிரவில் அரசே நடத்தும் வாணவேடிக்கையைக் காணலாம். நம் ஊரிலிருந்து வெடி எதையும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருக்கிறது. வீட்டு வேலையில் உதவலாமா?

பாத்திரம் கழுவலாம், காய் நறுக்கலாம், பிள்ளைகளோடு விளையாடலாம். துடைப்பத்தை மட்டும் எடுக்கக் கூடாது. விடிந்ததும் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலமிட்டால்தான் நம் வீட்டில் பண்டிகை தொடங்கும். அங்கேயோ முதல் நாள் பெருக்கினால் வீட்டுக்கு வந்த செல்வத்தைக் குப்பையோடு தள்ளிவிட்டதாகக் கருதுகிறார்கள். முந்தின இரவே பெருக்கி முடித்துத் துடைப்பத்தை ஒளித்து வைத்துவிடுவார்கள். கீழே விதைத் தோல் சிதறிக் கிடந்தாலும் கிடக்கட்டும். கண்ணாடிக் கோப்பைகளைக் கவனமாகக் கையாளுங்கள். அன்று ஏதும் உடைவதையும் அவர்கள் விரும்புவதில்லை.

அந்த வீட்டிலேயே இரவு தங்கலாமா? விசா முதலியவை எப்படி?

இந்தியர்களுக்கு மின்னணு விசா கிடைக்கிறது. 2023 ஆகஸ்ட் 15 முதல் அது 90 நாள் வரை செல்லும். ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறை நுழைவுக்கு 50 டாலர். பண்டிகை வாரத்தில் அலுவலகங்கள் மூடிவிடும் என்பதால் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். பயணச் சீட்டும் அப்படியே, ஏனென்றால் தீபாவளிக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து கடலூருக்குப் பேருந்து கிடைப்பதற்கு என்ன பாடு படுகிறோமோ, நாடு முழுவதும் அதே பாடு அப்போது அங்கே நடக்கிறது. கடைகளும் உணவகங்களும் சில நாட்கள் மூடியிருக்கும்.

வீட்டில் தங்குவதற்குச் சட்ட முறை ஒன்று உண்டு. வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால், வீட்டுக்காரர் 12 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தொலைதூரப் பகுதிகளுக்கு 24 மணி நேரம். பண்டிகை நாளில் இந்த வேலையை அவர்கள் தலையில் வைப்பது எனக்கு உவப்பாக இல்லை. அருகில் விடுதியில் அறை எடுத்துக்கொண்டு பகலில் போய் வருவதையே நான் பரிந்துரைக்கிறேன். சிற்றூராக இருந்து, அவர்கள் வற்புறுத்தி அழைத்தால், கடவுச்சீட்டையும் விசாத் தாளையும் படியெடுத்து முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

அங்கே தமிழர் கோயில் இருக்கிறதா?

ஹோ சி மின் நகரத்தில் சுவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக் காலத்தில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. இன்று அங்கே நின்று கைகூப்புபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். பண்டிகை நாட்களில் உங்களை அழைத்த குடும்பத்தாரோடு அங்கே போய்வர முடிந்தால் போய் வாருங்கள். அம்மனைப் பற்றி அவர்கள் உங்களிடம் கேட்பார்கள்.

எப்போது, எப்படி விடைபெறுவது?

இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் போதும். அடுத்த உறவினர் கூட்டம் வந்துகொண்டேயிருக்கும். சொல்லாமல் நழுவக் கூடாது. வீட்டின் மூத்தவரிடம் சென்று, புறப்பட அனுமதி தருமாறு கேட்பது அவர்களுடைய முறை; நாம் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லி, ‘போய் வா’ என்ற விடைக்குக் காத்திருப்பதைப் போல.

வாசலில் செருப்பு மாட்டும்போது, இரண்டிரண்டாகக் கயிற்றில் கட்டிய பான் தெத் ஒரு சோடியை உங்கள் கையில் தொங்கவிடுவார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். இறைச்சி உள்ளதாக இருந்தால் விமானத்தில் ஊருக்குக் கொண்டுவர எண்ண வேண்டாம், விடுதியிலேயே உண்டுவிடுங்கள். அதை வெட்டக் கத்தி தேவையில்லை. கட்டியிருக்கும் நாரை அவிழ்த்து, இலையைப் பாதி உரித்து, நாரை உருளையின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையைக் கையால் இழுத்தால், துண்டு வட்டமாக, பருப்பின் மஞ்சள் நடுவில் தெரிய, ஒட்டாமல் அறுந்து விழும். அந்தச் சிற்றூரில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எனக்கு அப்படித்தான் அறுத்துக் காட்டினாள்.